விண்மீன் ஏட்டில் விடுபட்ட பெயர்

திறனாய்வு என்றாலே காப்பியத்தையும் நாடகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அணிநலம் பேசுவது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எண்கள் நிறைந்த ஏட்டினை எவரும் திறனாய்வதில்லை. கணக்கேட்டிலே கலை ஏது, கருத்து ஏது என்று கேட்டு மூடிவைத்துவிடுகிறோம். ஓர் ஏடு எப்படி ஆக்கப்பட்டது? எவர் உழைப்பால் ஆக்கப்பட்டது? அதன் முகப்பிலே எவர் பெயர் பொறிக்கப்பட்டது? இந்தக் கேள்விகள் காப்பியத்துக்கு மட்டும் உரியவையா, தோழர்களே? கணக்கேட்டையும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போமே!

அமெரிக்க நாட்டிலே, ஹார்வர்டு வானாய்வுக் கூடம், 1918-ஆம் ஆண்டு தொடங்கி 1924-ஆம் ஆண்டு வரையில் ஒன்பது தொகுதிகளாக வெளியிட்ட ஏடு ஒன்று உண்டு. 'ஹென்றி டிரேப்பர் பட்டியல்' என்பது அதன் பெயர். விண்மீன்களின் பட்டியல். ஒன்றல்ல, நூறல்ல, 2,25,300 விண்மீன்கள்! ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வானத்திலே அது நிற்கும் இடம். அதன் ஒளி அளவு. அதன் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். பக்கத்துக்குப் பக்கம், தொகுதிக்குத் தொகுதி, இதே வரிசைதான். வருணனை கிடையாது, வாழ்த்துப்பா கிடையாது, காப்புச் செய்யுள் கிடையாது. நட்சத்திரம் இருபத்தேழு என்று எண்ணி முடித்து, அந்த இருபத்தேழுக்குள்ளே மணப்பொருத்தமும் பார்த்து முடித்துவிட்ட நாட்டிலே பிறந்த நாம், இந்த ஏட்டின் முன்னே சற்று நேரம் வாய்பேசாது நிற்பது பொருத்தமாகும்.

ஏட்டின் முறைமையைப் பாருங்கள். ஒளி மிகுந்தது முதலில், மங்கலானது பின்னர் என்று வரிசைப்படுத்தவில்லை. வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தின் வரிசைப்படியே எண் தரப்பட்டது. ஆகவே, முதல் எண்ணைப் பெற்றது எது தெரியுமா? வெறுங் கண்ணுக்குத் தென்படாத ஒரு மங்கல் மீன்! வானத்து விண்மீன்களிலே பேரொளி படைத்ததாகத் தோன்றும் சிரியஸ், 48,915-ஆவது இடத்திலே அமர்ந்திருக்கிறது. நம்மவர் திருவாதிரை என்று பெயரிட்டு, களி படைத்துக் கும்பிடுகிறார்களே, அந்தச் செந்நிற மீனின் எண் 39,801, வகை 'எம்'. முன்னே நிற்பதும் விண்மீன், பின்னே நிற்பதும் விண்மீன். இந்த மீனுக்கு முதல் மரியாதை, அந்த மீனுக்குக் கடைசிப் பந்தி என்ற பேச்சே அங்கு எழவில்லை. முறைமையின் அழகு என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி, ஆக்கப்பட்ட விதம். தொலைநோக்கியின் முன்பக்கத்திலே ஒரு முப்பட்டகக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். விண்மீன் ஒவ்வொன்றும் புள்ளியாக விழுவதற்குப் பதிலாக, சிறு பட்டையாக நீண்டு ஒளிப்படத் தகட்டில் பதிந்தது. அந்தப் பட்டைதான் நிறமாலை. அதன் குறுக்கே மயிரிழை போன்ற கருங்கோடுகள். எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறது, எது மெலிந்திருக்கிறது, எது இல்லவே இல்லை என்று பார்த்தால், அந்த மீன் எவ்வகையைச் சேர்ந்தது என்று கூறலாம். ஒரே தகட்டிலே நூற்றுக்கணக்கான பட்டைகள் பதிந்திருக்கும். அந்தக் கண்ணாடித் தகட்டைச் சட்டத்திலே சாய்த்து வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து வகை சொல்ல வேண்டும்.

சொன்னவர் ஆனி ஜம்ப் கேனன் என்னும் பெண்மணி. காது மந்தம், கண்ணோ கழுகுக் கண்! பழகிய பின்னர், நிமிடத்திற்கு மூன்று மீன்கள் என்ற விரைவிலே அவர் வகையைச் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்திலே அமர்ந்த பெண் எழுதிக்கொண்டே போவார். பட்டியலுக்குரிய வகைப்பாட்டை 1911-இல் தொடங்கி 1915-க்குள் முடித்துவிட்டார். அச்சிடத்தான் அதன்பின் ஆண்டுகள் பல ஆயின.

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று அந்த வகைகளை வரிசைப்படுத்தினார்கள். இதென்ன கோணல் வரிசை, ஏ, பி, சி என்று ஒழுங்காக வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். முதலிலே அப்படித்தான் வைத்தார்கள். பின்னர், எழுத்து வரிசை விண்மீனின் உண்மையான வரிசையோடு ஒத்துவரவில்லை என்று கண்டார்கள். சில எழுத்துகளை நீக்கினார்கள், சிலவற்றை முன்னும் பின்னும் மாற்றினார்கள். வெப்பம் மிகுந்த மீனிலிருந்து வெப்பம் குறைந்த மீன் வரை இறங்கிச் செல்லும் வரிசை அது என்பது பிறகே தெளிவாயிற்று. திருத்திய தழும்பு அப்படியே இன்றளவும் தெரிகிறது. பழைய பிழையை மறைக்கப் புதுப்பெயர் சூட்டி, ஆதியிலேயே இப்படித்தான் அருளப்பட்டது என்று கதை கட்டவில்லை. திருத்தம் தெரியும்படி நிற்கும் ஏட்டினைப் போற்றும் மனம் நமக்கு வர வேண்டும்.

இவ்வளவு போற்றிய பின்னர், முகப்புப் பக்கத்துக்கு வருகிறேன். ஹென்றி டிரேப்பர் யார்? மருத்துவர்; வானியலிலே பேரார்வம் கொண்டவர். கருங்கோடுகள் தெரியும் விண்மீன் நிறமாலையை 1872-இல் முதன்முதலாக ஒளிப்படம் பிடித்தவர். 1882-இல், நாற்பத்தைந்து வயதிலே மறைந்தார். அவர் துணைவியார் மேரி அன்னா டிரேப்பர், கணவரின் நினைவாக ஹார்வர்டுக்குப் பெரும் பொருள் வழங்கினார். ஏட்டுக்கு டிரேப்பரின் பெயர் வந்தது அதனால்தான். தகுதியில்லாத சீமான் ஒருவரின் பெயரை ஒட்டவைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை, தகுதியுள்ளவர்தாம். பொருள் தந்தவர் நினைவு நூலின் பெயராயிற்று. கண் தந்தவர் பெயர் என்னவாயிற்று? கேனனின் பெயர் முகப்பிலே இருக்கிறது. கூடத்தின் தலைவர் எட்வர்டு பிக்கரிங்கின் பெயருக்கும் முன்னதாகவே இருக்கிறது. அந்த இடத்தைப் பெண்ணொருத்தியின் பெயர் அடைவதற்கு முன் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும்.

1890-இல் இதே கூடம், இதே டிரேப்பர் பெயரால் முதற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 10,351 விண்மீன்கள். ஆசிரியர் பெயர் பிக்கரிங். அந்தப் பட்டைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பார்த்து வகை பிரித்தவர் வில்லியமினா பிளெமிங். அவர் பெயர் முன்னுரையிலே இருக்கிறது, முகப்பிலே இல்லை.

யார் இந்தப் பிளெமிங்? ஸ்காட்லாந்திலே, டண்டி நகரிலே, 1857-இல் பிறந்தவர். கணவனோடு அமெரிக்கா வந்தார். கருவுற்றிருந்த நிலையிலே கணவன் கைவிட்டான். வயிற்றுப் பிழைப்புக்காகப் பிக்கரிங் வீட்டிலே பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். பாத்திரம் கழுவிய கையைக் கணக்கெழுதும் கையாக்கலாம் என்று பிக்கரிங் கண்டார். அது அவருக்குப் பெருமை. 1881 முதல் பிளெமிங் கூடத்திலே நிலையான பணியாளர். அங்கே பெண்கள் பலர் அமர்ந்து கணக்கிட்டார்கள், தகடு பார்த்தார்கள். மணிக்கு 25 சென்ட் என்பது பலருக்குக் கிடைத்த கூலி. பிளெமிங் அவர்களை மேற்பார்த்தார், அச்சுக்குச் செல்லும் ஏடுகளைத் திருத்தினார், புது மீன்கள் பத்தையும் மாறொளி மீன்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றையும் கண்டறிந்தார். 1899-இல் வானியல் ஒளிப்படங்களின் காப்பாளர் என்ற பதவியை ஹார்வர்டு அவருக்கு வழங்கியது. ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். ஆண்களுக்கோ 2,500. 1900-ஆம் ஆண்டின் நாட்குறிப்பிலே அவர் இந்த வேறுபாட்டை எழுதி மனம் நொந்திருக்கிறார். பெண்களுக்குத் தரப்படும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல சம்பளம் என்பது அவருக்குக் கிடைத்த மறுமொழி! எத்தனை நாகரிகமான மறுமொழி! தாழ்ந்த கூலியை மற்றொரு தாழ்ந்த கூலியோடு ஒப்பிட்டு உயர்ந்தது என்று மெய்ப்பிக்கும் இந்தத் தருக்கம், ஹார்வர்டுக்கு மட்டும் சொந்தமன்று.

கூலியை விடுங்கள். விண்முகிலுக்கு வருவோம். ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்தின் நடுவிலே மூன்று மீன்கள் வரிசையாக நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். திருவாதிரை மீன் அந்தக் கூட்டத்தின் தோளிலே இருக்கிறது. மூன்று மீன்களிலே கிழக்கே நிற்பதன் அருகில், மங்கலாக ஒளிரும் விண்முகில் ஒன்று தெற்கு நோக்கிச் செல்கிறது. நெபுலா என்று வானியலார் அழைப்பது இதைத்தான். 1888 பிப்ரவரியிலே, பிக்கரிங்கின் தம்பி வில்லியம் பிக்கரிங் எடுத்த தகடு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த பிளெமிங், அந்த ஒளிமுகிலின் ஓரத்திலே அரைவட்டமாக ஒரு கருவெட்டு இருப்பதைக் கண்டார். அளவும் திசையும் குறித்து எழுதிவைத்தார். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலிலே படமாக நிற்கும் 'குதிரைத்தலை விண்முகில்' அதுவே. மனித இனத்திலே அதை முதலிற் கண்ட கண் அந்தப் பணிப்பெண்ணின் கண்.

இப்போது இரண்டாவது ஏட்டைத் திறக்கிறேன். டென்மார்க்கிலே பிறந்து, அயர்லாந்தின் ஆர்மா வானாய்வுக் கூடத்திலே பணியாற்றிய ட்ரையர் என்பார், 1888-இல் விண்முகில்கள், விண்மீன் கொத்துகள் ஆகியவற்றின் 'புதிய பொதுப் பட்டியலை' வெளியிட்டார். 7,840 பொருள்கள். பல நாட்டார், பல காலத்தார் கண்டவற்றை ஒன்றுசேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கண்டவர் பெயரைக் குறித்த அரிய உழைப்பு. 1895-இல் அதற்கு முதல் இணைப்புப் பட்டியல் வந்தது. அந்த ஓரியன் ஒளிமுகிலுக்கு 434 என்ற எண் கிடைத்தது. கண்டவர் பெயர் என்ற இடத்திலே என்ன இருந்தது? பிக்கரிங்! ஹார்வர்டிலே கண்டறியப்பட்டவை அத்தனைக்கும் அந்த ஒரே பெயர்தான். பிளெமிங் என்ற பெயர் உதிர்ந்துவிட்டது.

அடுத்த இணைப்பு 1908-இல் வந்தபோது ட்ரையர் பிளெமிங்கின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் முதல் இணைப்பிலே விழுந்த எண்ணும் பெயரும் நூற்றுக்கணக்கான நூல்களிலே படியெடுக்கப்பட்டுப் பரவிவிட்டன. 1904-இல் மற்றொன்று நிகழ்ந்தது. சிக்னசு கூட்டத்திலே, வெடித்துச் சிதறிய மீனின் எச்சமாக விரிந்து கிடக்கும் மெல்லிய முகில் வலையிலே ஒரு முக்கோணப் பகுதியைப் பிளெமிங் தகட்டிலிருந்து கண்டறிந்தார். அதற்கு வழங்கிய பெயர்? 'பிக்கரிங்கின் முக்கோணம்'.

இதற்குப் பிக்கரிங்கைத் திருடர் என்று ஏசிவிட்டு நகர்வது எளிது, நேர்மையாகாது. ஹார்வர்டின் வெளியீடுகளிலே அவர் பிளெமிங்கின் பணியைக் குறிப்பிட்டே வந்தார். பல கூடங்களின் வாயில் பெண்களுக்கு மூடிக்கிடந்த காலத்தில் அவர் திறந்துவிட்டார். ட்ரையரும் வஞ்சகர் அல்லர். ஆயிரக்கணக்கான பதிவுகளைத் தனியொருவராகத் தொகுத்தவர், கூடத்துத் தலைவர் பெயரை எழுதினால் போதும் என்று எண்ணினார். என் குற்றச்சாட்டு அந்த எண்ணத்தின் மீதுதான். அது வழக்கம். வஞ்சகன் அகப்பட்டால் தண்டிக்கலாம். வழக்கத்தை எந்தக் கூண்டிலே ஏற்றுவது? கோயில் கட்டிய சிற்பியின் பெயரை மறைத்து மன்னனின் பெயரை மட்டும் கல்லிலே வெட்டினார்களே, அந்த வழக்கம்தான் கண்ணாடித் தகட்டின் மீதும் தன் நிழலை வீழ்த்தியது. பகுத்தறிவின் பணிக்கூடத்திலே பழமையின் நிழல்!

பெயர்தானே, போனால் போகட்டும், அறிவியல் வளர்ந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. பெருந்தன்மையுடையோர் போலப் பேசும் இவர்களுக்கு, அதே கூடத்திலே நடந்த மற்றொரு செய்தியை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

அன்டோனியா மோரி, டிரேப்பரின் மருமகள் முறையினர், உடன்பிறந்தாரின் மகள். கல்லூரிக் கல்வி பெற்றவர். ஒளிமிக்க வடவான மீன்களின் நிறமாலையை நுணுகி ஆராயும் பணி அவரிடம் தரப்பட்டது. விரைவாக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். கோட்டின் உள்ளியல்பைக் காண வேண்டும் என்பது மோரியின் பிடிவாதம். ஒரே வகையைச் சேர்ந்த மீன்களிலும், சிலவற்றின் கோடுகள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக மெலிந்து கூர்மையாக இருப்பதை அவர் கண்டார். அவற்றுக்கு 'சி' என்ற சிறு குறியிட்டார். என் உழைப்பு என் உழைப்பென்றே நிற்க வேண்டும், அதற்கு முன் மற்றவர் கைக்குத் தர உடன்படேன் என்று தலைவருக்கே எழுதினார். 1897-இல் 681 மீன்களின் பட்டியல் வெளிவந்தபோது, அவர் பெயர் முகப்பிலே இருந்தது. ஹார்வர்டின் வானியல் ஆண்டேடுகளிலே பெண்ணொருத்தியின் பெயர் அந்த இடத்திலே நின்றது அதுவே முதல்முறை.

பெயரை வென்றார், குறியை இழந்தார். தகடுகள் அவ்வளவு நுண்மையைக் காட்டுமா என்று ஐயுற்ற பிக்கரிங், பின்வந்த பட்டியல்களில் 'சி' என்ற குறியை ஏற்கவில்லை. 2,25,300 மீன்களைக் கொண்ட பெரும் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை.

டென்மார்க்கிலே ஹெர்ட்ஸ்பிரங் என்னும் ஆராய்ச்சியாளர் மோரியின் பட்டியலைப் படித்தார். மோரி குறியிட்ட மீன்கள் எல்லாம் மிகத் தொலைவிலே இருந்தும் ஒளியோடு தெரிவன, ஆகவே மாபெரும் ஒளி படைத்த பெருமீன்கள் என்று கண்டார். அந்தக் குறியைக் கைவிடுவது, திமிங்கிலத்துக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்த பின்னரும் இரண்டையும் ஒரே இனமாக எண்ணுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்துப்படப் பிக்கரிங்குக்கு 1908-இல் எழுதினார். விண்மீன்களிலே பேருருவும் சிற்றுருவும் உண்டு என்ற உண்மை, பின்னர் வானியலின் அடித்தளமாயிற்று. உலக வானியல் ஒன்றியம் 1922-இல் மோரியின் 'சி' குறியை மீண்டும் சேர்த்துக்கொண்டது. தகட்டை நேரிற் பார்த்த பெண்ணின் சொல்லுக்கு உரிய எடை தரப்படாததால் நேர்ந்த இழப்பு, மோரிக்கு மட்டுமா? கால் நூற்றாண்டுக் காலம் ஏட்டுக்கும் இழப்பு! பெயர் வேறு, உண்மை வேறு என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். பெயரை மதியாத இடத்திலே கருத்தையும் மதிப்பதில்லை.

இதற்கு நூறாண்டு முன்னரே ஒரு நல்வழக்கு இருந்தது. ஜெர்மனியிலே பிறந்து இங்கிலாந்திலே வாழ்ந்த கரோலைன் ஹெர்ஷல், தமையன் வில்லியம் ஹெர்ஷலுக்கு உதவியாக இரவெல்லாம் விழித்திருந்தவர். 1787 முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு வழங்கினார். முன்னோரான பிளாம்ஸ்டீடு என்பாரின் பெரும் பட்டியலை அவர் வரிவரியாக ஒப்புநோக்கி, பிழைகளைத் தொகுத்து, விடுபட்டுப்போன ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மீன்களைச் சேர்த்து, 1798-இல் வெளியிட்டார். வெளியிட்டது இங்கிலாந்தின் அரச கழகம். பெயர் கரோலைனின் சொந்தப் பெயர். அரச வானியலாராக இருந்தவரின் ஏட்டிலே ஒரு பெண் பிழை கண்டாள் என்று எவரும் ஏட்டை எரிக்கவில்லை, அவரை விலக்கவும் இல்லை. 1828-இல் வானியற் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது.

நம் சென்னையும் இந்த வரலாற்றுக்கு அயலன்று. நுங்கம்பாக்கத்திலே 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்திலிருந்து, டெய்லர் என்னும் ஆங்கிலேயர் 1844-இல் 11,015 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அயல்நாட்டார் பாராட்டிய ஏடு. அதற்கு டெய்லர் பெயர் நிற்கிறது. உடன் உழைத்த இந்திய உதவியாளரின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அதே கூடத்திலே பின்னாளில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி, தென்வானத்து ரெட்டிகுலம் கூட்டத்திலே ஒரு மாறொளி மீனை 1867-இல் கண்டறிந்தார். கண்டவர் பெயர் என்ற இடத்திலே அவர் பெயரே பதிந்தது. இன்றைக்கும் அது அழியவில்லை. எழுத மனமிருந்தால் எழுத இடம் இருக்கத்தான் செய்கிறது!

குதிரைத்தலைக்குத் திரும்புவோம். பிளெமிங் கண்ட கருவெட்டு உண்மையிலே என்ன? ஒளிமுகிலிலே விழுந்த ஓட்டையா, அல்லது ஒளியை மறைத்துக்கொண்டு முன்னே நிற்கும் ஏதோ ஒன்றா? வில்லியம் ஹெர்ஷல் காலம் முதல் இந்த ஐயம் இருந்தது. மீன்கள் அடர்ந்த வானத்திலே திடீரென ஒன்றுமற்ற கருமையைக் கண்டு, வானத்திலே பொத்தல் இருக்கிறது என்று அவர் வியந்ததாகக் கரோலைன் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தார்.

இந்தக் கருமைகளுக்கு முதல் பட்டியல் தந்தவர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு. பிளெமிங் பிறந்த அதே 1857-இல், அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே, தந்தை முகம் காணாத பிள்ளையாகப் பிறந்தவர். பள்ளிக்குப் போனது ஏறத்தாழ இரண்டே மாதம். ஒன்பதாவது வயதிலே ஒளிப்படக் கடையிலே வேலை. பெரிய கருவி ஒன்றை நாளெல்லாம் கதிரவனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் சிறுவனின் வேலை. வறுமை தந்த அந்தப் பயிற்சியே பின்னாளிலே துணைநின்றது. வால்மீன் கண்டறிந்தோர்க்கு வழங்கிய பரிசுப் பணத்தைக்கொண்டு வீடு கட்டினார். 1892-இல் வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டறிந்தார். பின்னர் பால்வீதியை ஆண்டாண்டாக ஒளிப்படம் எடுத்தார்.

இவரது ஏட்டின் சிறப்பு, ஐயத்தை ஐயமாகவே எழுதியதாகும். தொடக்கத்திலே அவரும் வெற்றிடம் என்றே பெரும்பாலும் எண்ணினார். 1913-இன் கோடை இரவு ஒன்றிலே, பால்வீதியின் ஒளித்திரளுக்கு முன்னே நம் பூமியின் சிறு மேகத் துண்டுகள் மைத்துளிகள் போலக் கறுத்து மிதந்ததைக் கண்டார். தம் தகடுகளிலே கண்ட கருமையை அப்படியே ஒத்திருந்தது அது. மேகம் மறைப்பது போல, விண்வெளியிலும் ஒன்று மறைக்கிறது என்ற எண்ணம் வலுத்தது. எனினும் 1919-இல் 182 கருமைகளின் பட்டியலை வெளியிட்டபோது, அதற்கு 'வானத்தின் இருண்ட குறிகள்' என்றே அடக்கமாகத் தலைப்பிட்டார். முகில் என்று முடிவாகச் சொல்லும் சான்று முழுமையாகக் கைவராத வரையில் குறி என்றே சொன்னார். 1930-இல் டிரம்ப்ளர், விண்மீன் கொத்துகளின் தொலைவையும் ஒளியையும் ஒப்பிட்டு, மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலே தூசு பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்று நிலைநாட்டினார். பொத்தல் என்று எண்ணியது புழுதி! புதுமீன்கள் பிறக்கும் தொட்டில் அந்தப் புழுதியே என்பதும் பின்னர் தெரிந்தது. பார்னார்டின் பட்டியலிலே 33-ஆவது எண், நம் குதிரைத்தலை.

பார்னார்டு 1923-இல் மறைந்தார். பால்வீதியின் தேர்ந்தெடுத்த பகுதிகளைக் காட்டும் அவரது பெரும் படத்தொகுதி அப்போது முடியவில்லை. அச்சிலே நுண்மை கெடும் என்று அஞ்சி, ஒவ்வொரு படியிலும் உண்மையான ஒளிப்படத்தையே ஒட்டும்படி ஏற்பாடு செய்து, 35,700 படங்களையும் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்திருந்தார். எஞ்சிய பணியை, பட்டியலையும் விளக்கப்படங்களையும் சேர்த்து முடித்து 1927-இல் வெளியிடச் செய்தவர்கள் இருவர். ஒருவர் கூடத்தின் தலைவர் பிராஸ்ட். மற்றவர் பார்னார்டின் துணைவியாரின் உடன்பிறந்தார் மகளும் நெடுநாள் உதவியாளருமான மேரி கால்வர்ட். அந்தப் பதிப்பிலே பதிப்பித்தோர் என்று இருவர் பெயரும் நிற்கின்றன. 1895-இல் ட்ரையர் எழுதிய வரியையும் 1927-இன் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையிலே ஓடிய முப்பத்திரண்டு ஆண்டுகளின் வரலாறு அதிலே இருக்கிறது.

அண்மைக்காலத்து ஏடு வேறு வகை. ஐரோப்பியர் 2013-இல் ஏவிய கையா என்னும் விண்கலம், 2025 தொடக்கம் வரை வானத்தை அளந்தது. 2022-இல் வெளியான அதன் மூன்றாவது தொகுப்பிலே ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன. நிமிடத்திற்கு மூன்று என்று சொன்ன கேனனின் குரல் அங்கே இல்லை, இயந்திரம் எண்ணுகிறது. தொகுப்பை விளக்கும் கட்டுரையின் தலைப்பிலே நூற்றுக்கணக்கானோர் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. படிப்பவருக்குச் சலிப்பு என்று ஒரு நண்பர் குறைபட்டார். முன்னுரையின் மூலையிலே ஒரு பெயரைத் தேடிக் களைத்த என் போன்றோர்க்கு அந்தச் சலிப்பு இல்லை.

1962-இல் அமெரிக்காவில் மற்றொரு பட்டியல் வெளிவந்தது. பாலோமர் மலையிலே எடுத்த வானத் தகடுகளை முழுதும் ஆராய்ந்து, 1,802 இருண்முகில்களை அளந்து வரிசைப்படுத்திய ஏடு. ஆக்கியவர் பெவர்லி லிண்ட்ஸ் என்னும் பெண்மணி. அந்த முகில்களை ஆராய்ச்சியாளர் எவராயினும், எந்த நாட்டவராயினும், 'லிண்ட்ஸ்' என்ற பெயரைச் சொல்லி எண்ணைச் சொல்லித்தான் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஓரியனின் நடுமீன்களுக்கு அருகே பரந்து கிடக்கும் பெருமுகிலுக்கு லிண்ட்ஸ் 1630 என்று பெயர். அந்த முகிலின் மேற்கு ஓரத்திலிருந்து தலைநீட்டி நிற்கிறது, 1888-இல் பிளெமிங் தகட்டிலே கண்டு, அளந்து, எழுதிவைத்த அந்தக் குதிரைத்தலை.